மோசலா, அல்சாஸா?

வெள்ளை ஒயினுக்காகவே ஐரோப்பாவில் ஒரு வாரம் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்கும்: ஜெர்மனியின் மோசல், பிரான்சின் அல்சாஸ். இரண்டிலும் ரீஸ்லிங் திராட்சை, ஒல்லியான நெட்டைப் பாட்டில், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். போதாக்குறைக்கு, மோசல் ஆறு பிறப்பதே அல்சாஸின் மேற்கு எல்லையாக நிற்கும் வோஜ் மலையில்தான். ஆனால் போய் இறங்கினால் இரண்டும் ஒட்டாத உறவு.

மோசலில் எல்லாமே ஆறுதான். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை நேர்கோட்டுத் தூரத்தைப் போல இரட்டிப்பு தூரம் வளைந்து வளைந்து ஓடுகிறது. கரையை ஒட்டியே மலை, மலை முழுக்கத் திராட்சைக் கொடி. பிரெம் கிராமத்துக் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி. டிராக்டர் ஏறவே ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சின்ன வண்டியில்தான் ஆட்கள் மேலே போகிறார்கள். பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு கம்பு நட்டு, இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். காலடியில் நொறுங்குவது சிலேட்டுக் கல், ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதேதான். வெயில் சாய்ந்த பிறகு தொட்டுப் பாருங்கள், கை சுடும். குளிர் நாட்டில் ரீஸ்லிங் பழுப்பது இந்தச் சூட்டை நம்பித்தான்.

அல்சாஸில் ஆற்றைத் தேட வேண்டாம். ரைன் நதி தள்ளி ஓடுகிறது, கொடிகள் மலையடிவாரத்தில். மழையை வோஜ் மலை மறித்துக்கொள்வதால் கோல்மார் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. 1953இல் தொடங்கிய ஒயின் சாலை சுமார் 170 கி.மீ. நீளம், பத்து நிமிடத்துக்கு ஒரு ஊர். எகிஷைமில் தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றும், நடந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். ரிக்விர் அழகுதான், ஆனால் நண்பகலில் திருவிழாக் கூட்டம். காலை ஒன்பதுக்கு முன்னால் போங்கள்.

குடிக்க? மோசலில் தோட்டத்தில் பாதிக்கு மேல் ரீஸ்லிங்தான், அதை மெலிசாகச் செய்கிறார்கள். லேபிளில் ஆல்கஹால் 8 சதவீதம் என்றிருந்தால் இனிப்பு இருக்கும், 12 என்றால் அநேகமாக டிரை, அதாவது இனிப்பில்லாதது. அல்சாஸ் ஒயின் வாயில் கனமாக நிற்கும். ரீஸ்லிங்கோடு கெவுர்ஸ்ட்ராமினர் என்ற திராட்சையும் உண்டு. மூக்கருகே கொண்டுபோனாலே லிச்சிப் பழமும் ரோஜாவும். கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தது போல. முதல் கோப்பை அபாரம், இரண்டாவதில் எனக்குத் திகட்டிவிடும்.

சாப்பாட்டில் அல்சாஸ்தான், சந்தேகமே இல்லை. மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் தடவிச் சுடும் ஃபிளாம்குஷ் ஒன்றே போதும். சைவக்காரர்கள் பன்றி இறைச்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மோசலில் இதற்கு ஈடாக இலையுதிர் காலத்து ஃபெடர்வைஸர்: பாதி நொதித்த, கலங்கலான புது ஒயின். நம்மூர்க் கள் மாதிரி நுரைத்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். பையில் படுக்கப் போட்டால் துணியெல்லாம் ஒயின்தான்.

கார் ஓட்டாதவருக்கு மோசல் ஓரளவு தோது. கோகெமுக்கு ரயில் உண்டு, அங்கிருந்து படகு. அழகான பெர்ன்காஸ்டலுக்குத்தான் ரயில் கிடையாது; விட்லிச்சில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அல்சாஸில் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து கோல்மார் அரைமணி ரயில், ஆனால் கிராமங்களுக்குக் கார் இல்லையென்றால் திண்டாட்டம். குளிர்காலம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: மோசலில் படகும் பல விடுதிகளும் மூடிக் கிடக்கும், கோல்மாரில் கிறிஸ்துமஸ் சந்தை களைகட்டும்.

நான் செப்டம்பர் கடைசியில் மோசலுக்கே போவேன். ஒரே ஊரில் அறை எடுத்து, மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஓர் இடத்தில் உட்கார முடியாதவர்களுக்கு, தினம் மூன்று ஊர் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, அல்சாஸ். இரண்டும் வேண்டுமா? ட்ரியருக்கும் ஸ்ட்ராஸ்பூருக்கும் காரில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அல்சாஸை முதலில் முடித்துவிடுங்கள். இனிப்பு ரீஸ்லிங் கடைசியில் வருவதுதான் சரி.