தமிழில் தியரி எழுதலாம் என்று சொன்னால் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

லண்டனில் கார் லைசன்ஸ் எடுக்க நினைக்கிற, ஆங்கிலம் அவ்வளவு ஓடாத நம் ஆட்களுக்காக எழுதுகிறேன்.

என் மச்சாள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒன்றரை வருடம். ஊர் லைசன்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் கார் ஓடலாம், அது முடிந்ததால் புரொவிஷனல் என்கிற, பழகுகிறவர்களுக்கான லைசன்ஸை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எழுதும் தியரிச் சோதனைக்கு வழி தேடினார். தெரிந்தவர் மூலம் ஓர் ஆள் கிடைத்தார். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ தங்கச்சி, சோதனை தமிழிலேயே வரும், நான் எல்லாம் புக் பண்ணித் தாறன்." 180 பவுண்ஸ், கையில் காசாக.

நாங்கள் நம்பினதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு உண்மையாகவே ஹெட்போனில் தமிழில் கேட்டு எழுத முடிந்தது, என் பெரியப்பா அப்படித்தான் பாஸ் பண்ணினார். 19 மொழிகளில் இருந்த அந்த வசதியை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய கதையைத்தான் இந்த ஆள் இன்றைக்கும் விற்கிறார். சோதனைக்கு அரசாங்கம் எடுப்பது வெறும் 23 பவுண்ஸ்.

அவர் கொடுத்த பழைய போட்டோகாப்பிக் கேள்விகளை மச்சாள் இரண்டு மாதம், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரவு இரவாக மனப்பாடம் செய்தார். அன்றைக்குப் போய் உட்கார்ந்தால் திரை முழுக்க ஆங்கிலம். 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும், அவருக்கு 29. அதைவிட எனக்குக் கோபம் வந்தது வீடியோப் பகுதியில்தான். 14 காட்சிகள், ஆபத்து உருவாகத் தொடங்கும்போது கிளிக் பண்ண வேண்டும், 75-க்கு 44 தேவை. "சும்மா அமத்திக்கொண்டே இருங்கோ, எங்கேயாவது படும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி விடாமல் அமத்தினால் அந்தக் காட்சிக்கே பூச்சியம்! இது தெரியாதவர் எப்படி வகுப்பு நடத்துகிறார்?

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, இன்னும் காசு தந்தால் மச்சாளின் முகச்சாயலில் வேறொரு பிள்ளையை அனுப்பி எழுதுவிக்கிறாராம். தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள், ஆள்மாறாட்டத்துக்கு இங்கே ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள். மறுத்தோம், அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

புக் பண்ணுவது பத்து நிமிட வேலை. அரசாங்கத்தின் GOV.UK தளத்தில் நீங்களே செய்யுங்கள், கூகிளில் மேலே விளம்பரமாக வருகிறவற்றில் போய் மாட்டாதீர்கள். வாசிக்கக் கஷ்டம் என்றால், கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் வசதியைப் புக் பண்ணும்போதே கேட்கலாம். மச்சாளுக்கு வாசிப்பதைவிடக் கேட்டால் நன்றாகப் புரியும், அந்த ஆள் இதைச் சொல்லவே இல்லை.

ஏற்கெனவே யாரிடமாவது காசு கொடுத்திருந்தால், உறுதிப்படுத்தும் ஈமெயில் உங்களுக்கு வந்ததா என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையது அந்த ஆளின் ஈமெயிலுக்குத்தான் போயிருந்தது.