ஐவிஐஜி புட்டி: கடலூர், புதுச்சேரியில் வாங்குமுன்

கில்லன்-பாரே என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளர்த்தும் நோய்; மருத்துவமனைப் பேச்சில் ஜிபிஎஸ். இதற்கு எழுதித் தரும் ஐவிஐஜி, அதாவது கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து ரத்தக்குழாய் வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரதம், நல்ல மருந்து. விலையோ ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். சரியான ஆளுக்கு, சரியான நாளில், குளிர் குலையாமல் போய்ச் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

துணையில்லாமல் நடக்க முடியாதவருக்கு, தளர்ச்சி தொடங்கி 2 வாரத்துக்குள் ஏற்ற வேண்டும். காலில் மதமதப்பு, படியேறத் திணறல், பிறகு கை, முகம் என்று பெரும்பாலும் கீழிருந்து மேலேறும். வாதம் என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தால் அந்த 2 வாரமும் போய்விடும்.

ஆண்டுக்கு லட்சம் பேரில் 1 முதல் 2 பேருக்கு இது வருகிறது. ஆண்களுக்குச் சற்று அதிகம், வயது ஏற ஏறக் கூடும், குழந்தைகளுக்கும் வரும். மூன்றில் இருவருக்கு முந்தைய 6 வாரத்துக்குள் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்திருக்கும். அந்தத் தொற்று எப்போது பெருகுகிறதோ அதுவே இதன் பருவம். மேலை நாடுகளில் குளிர்காலத்தில் கூடுதல். வட சீனாவில், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் கிருமி பரவும் கோடையில். புனேயில் 2025 ஜனவரியில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தபோது சந்தேகம் குடிநீர் மீது விழுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடிநீர் கலங்கி, வயிற்றுப்போக்கு நின்ற சில நாட்களில் கால் துவண்டால் உடனே கிளம்புங்கள். வெயில் மாதமென்றாலும் அப்படியே.

அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம், 5 நாள். 50 கிலோ ஆளுக்குத் தினம் 20 கிராம், மொத்தம் 100 கிராம். அதாவது 5 கிராம் புட்டி 20. கடையில் மில்லியைப் பார்த்து எண்ணாதீர்கள். 5 சதவீதப் புட்டியில் 5 கிராமுக்கு 100 மி.லி., 10 சதவீதத்தில் 50 மி.லி. கிராம்தான் கணக்கு. ஆளை நிறுத்தி எடை பார்க்க முடியாததால் குத்துமதிப்பாக எழுதுவார்கள். அங்கேதான் அளவு தவறுகிறது.

பெரும்பாலான புட்டிகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். உறைந்ததைத் தூக்கி எறியத்தான் வேண்டும், ஆகவே தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்குக்கும் புட்டிக்கும் நடுவே துணி வையுங்கள். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது போல மின்சாரம் போகும் ஊரில் மொத்தமாக வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்க வேண்டாம். அன்றன்றைக்கு வாங்குங்கள், அல்லது வார்டு ஃபிரிட்ஜில் ஒப்படையுங்கள். குலுக்கினால் நுரைக்கும். ஏற்றுமுன் அறை வெப்பத்துக்கு வரட்டும்.

டிரிப்பை மெதுவாகத் தொடங்க வேண்டும். வேகம் கூடினால் தலைவலி, குளிர்நடுக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு புட்டியின் பேட்ச் எண்ணும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

5 நாள் முடிந்தும் கால் எழவில்லை என்று இரண்டாவது சுற்றுக்குக் கடன் வாங்குவது எங்களுக்குச் சம்மதமில்லை. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு அது பலன் தரவில்லை, ரத்தக்கட்டு அபாயம்தான் கூடியது என்று 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. நரம்பின் உறை வளர வாரங்கள், மாதங்கள் ஆகும்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை வெளியேற்றி மாற்று திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் ஐவிஐஜிக்கு இணையான பலன் தருவதுதான்; 4 வாரம் வரை பயன்படும். இரண்டில் ஒன்றே போதும். ஐவிஐஜி ஏற்றிய கையோடு பிளாஸ்மா மாற்றினால் வாங்கிய மருந்தே வெளியேறும். எதைத் தேர்ந்தாலும் வென்டிலேட்டர் உள்ள இடமாக இருக்கட்டும்: நாலைந்து பேரில் ஒருவருக்கு மூச்சுத் தசை தளர்கிறது. ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் புட்டி தேடி அலையாமல் ஐசியூவுக்குப் போங்கள்.