மால்டாவில் ஒருநாள்: ஹஜார் ஈமா, ஜிகன்டீயாவா?

மால்டாவில் கற்காலக் கோயில்களுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், நான் ஹஜார் ஈம் பக்கம்தான் சாய்வேன்.

வயதில் மூத்தது கோசோ தீவின் ஜிகன்டீயா. கி.மு. 3600 வாக்கில் எழுந்தது. எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தியது. சுவர்கள் சில இடங்களில் 6 மீட்டர் உயரம். ஒரு ராட்சசி கட்டியது என்று ஊர்க்கதை, பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் மால்டாவின் பெரிய தீவிலிருந்து படகேற வேண்டும். கடலில் அரை மணி நேரம்கூட ஆகாது, துறைக்குப் போய்க் காத்திருப்பதில்தான் பாதி நாள் போய்விடும்.

ஹஜார் ஈம் பெரிய தீவிலேயே இருக்கிறது, தலைநகர் வல்லெட்டாவிலிருந்தே பஸ் இருக்கிறது. அங்கே ஒரே கல் 6 மீட்டருக்கு மேல் நீளம், எடை 20 டன் இருக்கும். எப்படி நகர்த்தினார்களோ! மென்மையான சுண்ணாம்புக்கல் என்பதால் உப்புக்காற்று அரித்து முகமெல்லாம் குழி குழியாக இருக்கிறது. அதனால்தான் 2009 முதல் மேலே வெள்ளைக் கூடாரம். படம் எடுப்பவர்களுக்கு எரிச்சல்தான். வெயிலில் நிற்பவருக்கு வரம்.

அப்புறம், சரிவில் 500 மீட்டர் இறங்கினால் இம்னைட்ரா என்ற இன்னொரு கோயில் தொகுதி. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், உதிக்கும் சூரியனின் ஒளி தெற்குக் கோயிலின் வாசல் வழியாக நேராக உள்ளே பாயும். மற்ற நாட்களில் போனாலும், அந்த வாசற்கற்களில் வரிசையாகக் குடைந்த சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கோசோவில் இரவு தங்குகிறீர்களா? சரி, அப்படியானால் ஜிகன்டீயாவுக்கே போங்கள்.