நாலரை ஸ்டாரும் நானும்: எட்டு வருட வெளியூர்ச் சாப்பாட்டு அனுபவம்

ஆய்வகக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்க்கும் வேலை எனக்கு. மாதத்துக்கு இரண்டு ஊராவது போக வேண்டியிருக்கும். எந்த ஊரானாலும் இரண்டு ராத்திரி, மிஞ்சிப்போனால் மூன்று. கணக்குப் போட்டால் ஒரு ஊரில் ஐந்தாறு வேளைதான் கிடைக்கும். அதில் ஒன்று ரயிலிலேயே போய்விடும், ஒன்று கஸ்டமரின் கேன்டீனில் முடிந்துவிடும். மிச்சம் மூன்றோ நான்கோ. அதையும் வீணடித்துவிட்டு வண்டி ஏறும்போது வரும் ஆற்றாமை இருக்கிறதே, வேலை முடியாமல் திரும்பினால்கூட அவ்வளவு வருவதில்லை.

2017-லிருந்து போனில் உள்ள மேப்பை வைத்துத்தான் கடை தேடுகிறேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று புரியவே முதல் மூன்று வருடம் போனது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். லாட்ஜில் பையைப் போட்டதும் 'பக்கத்தில் உள்ள சிறந்த உணவகம்' என்று தேடி, ஸ்டார் அதிகம் உள்ள கடைக்கு நடையைக் கட்டுவது. ஒரு மாநிலத் தலைநகரில் அப்படி 4.7 வாங்கிய கடை ஒன்றுக்குப் போனேன். மூவாயிரத்துச் சொச்சம் ரிவியூ. ஏசி, மங்கலான விளக்கு, சுவரில் மாட்டு வண்டிச் சக்கரம். 'எங்கள் ஊர் மீன் குழம்பு' என்று மெனுவில் இருந்ததை ஆசையாகக் கேட்டேன். வந்தது தக்காளி சாஸில் மீன் போட்ட மாதிரி ஒன்று. மேஜையில் ஓர் அட்டை நின்றுகொண்டிருந்தது: ரிவியூ போட்டுக் காட்டினால் ஐஸ்கிரீம் இலவசம். சர்வர் தம்பி பக்கத்திலேயே நின்று, "சார், அப்படியே என் பேரையும் போட்டுடுங்க" என்றான். அறைக்கு வந்து அந்த ரிவியூக்களைப் பொறுமையாகப் படித்தேன். இடம் சூப்பர், அந்தத் தம்பியின் சர்வீஸ் சூப்பர், பர்த்டே கொண்டாட ஏற்ற இடம். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறை சொல்ல எனக்கும் வாயில்லை. நானும் ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு ஐந்து ஸ்டார் போட்டவன்தான்.

அன்றிலிருந்து ஸ்டாரைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது ஒற்றை ஸ்டார் போட்டவர்களை. பார்க்கிங் இல்லை, ஏசி இல்லை, பக்கத்தில் முன்பின் தெரியாதவரை உட்கார வைத்துவிட்டார்கள், சாப்பிட்டதும் எழுந்திருக்கச் சொல்கிறார்கள் என்று திட்டியிருந்தால் எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். எழுந்திருக்கச் சொல்கிறார்கள் என்றால் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? 'எண்ணெய் வாடை', 'ராத்திரியெல்லாம் வயிற்றைக் கலக்கியது' என்று இருந்தால் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. இப்படிப் பொறுக்கியதில் நல்ல மெஸ்கள் பெரும்பாலும் 3.9, 4.1 என்ற வரிசையில்தான் கிடைத்தன.

இரண்டாவது, கூட்ட நேரத்தைக் காட்டும் அந்தச் சின்னப் பட்டைகள். ஸ்டாரைவிட எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். அதற்கு ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுக்க முடியாது. செவ்வாய், புதன் மதியம் ஒரு மணிக்குப் பட்டை உயர்ந்து நின்றால் பக்கத்து ஆபீஸ்காரர்களும் கடைக்காரர்களும் தினம் வந்து சாப்பிடுகிறார்கள் என்று பொருள். வாரமெல்லாம் படுத்துக்கிடந்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி மட்டும் எழுந்து நின்றால் குடும்பத்தோடு போட்டோ எடுக்கப் போகிற இடம். போகக் கூடாதென்றில்லை, தனியாளுக்கு அங்கே வேலையில்லை. மூன்றாவது, சாப்பிட வந்தவர்கள் எடுத்த போட்டோக்கள். கடைக்காரர் போடுகிற படத்தில் எல்லா ஊர் பிரியாணியும் ஒரே நிறம். சாப்பிட வந்தவர் எடுத்ததில் பக்கத்து மேஜையும் தெரியும், அங்கே எல்லோர் தட்டிலும் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். நான் கேட்பது அதைத்தான்.

இவ்வளவு தெரிந்தும் பட்டினி கிடந்திருக்கிறேன். காரணம் நேரம். ஊர்ச் சாப்பாட்டுக்கு இடம் எவ்வளவு முக்கியமோ அதைவிட மணி முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்தது பெங்களூரு. காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் மசால் தோசை சாப்பிட வேண்டும் என்று கிளம்பினேன். 1943-ல் தொடங்கிய கடை. முதல் தடவை நான் போய் நின்றது வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை. அடுத்த தடவை செவ்வாய் பகல் பன்னிரண்டரைக்குப் போனேன். காலை டிபன் முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள், மாலை டிபனுக்குத்தான் இனித் திறப்பு. இரண்டுமே மேப்பில் போட்டிருந்த தகவல்தான், வழியை மட்டும் பார்த்துவிட்டு மணியைப் பார்க்காதது என் தப்பு. மூன்றாவது தடவை காலை ஏழரைக்கு. சர்வர் ஒருவர் கையிலிருந்து முழங்கை தாண்டி வரை தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேஜையிலும் சீட்டுப் போடுவது மாதிரி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார். நல்ல பழுப்பாக முறுகிய, கொஞ்சம் தடிமனான தோசை, உள்ளே மெத்து. மேலே தண்ணியான சட்னியைத் தாராளமாக ஊற்றிவிட்டுப் போகிறார்கள். பழக்க தோஷத்தில் சாம்பார் கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார்.

அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது, இந்த ஊர் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடும் என்பதைத்தான். ஹைதராபாத் போனால் நாலு வேளையும் பிரியாணியே தின்றுவிட்டு வருவார்கள் நம் ஆட்கள். பழைய நகரத்தின் காலைச் சாப்பாடு நிஹாரி என்ற கறிக்குழம்பும் குல்ச்சா ரொட்டியும். வெயில் ஏறிய பிறகு போனால் சட்டியின் அடிதான் தெரியும். ஹலீம் ரம்ஜான் மாதத்துச் சாயங்காலத்துச் சமாச்சாரம். கோதுமையும் கறியும் பகலெல்லாம் வெந்து, கட்டையால் இடித்து இடித்துக் குழைந்த பிறகுதான் கடைக்கு வரும். ஹைதராபாதி ஹலீமுக்கு 2010-லேயே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். சார்மினார் பக்கத்தில் நிம்ரா கஃபேயில் இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் மட்டும் எந்த வேளைக்கும் ஒத்துவரும். நம் மதுரையிலும் அதே கதைதான். கறிதோசை பொழுது சாய்ந்த பிறகு. மேலச் சித்திரை வீதி கோபு அய்யங்கார் கடை வெள்ளையப்பத்தை நான் சாப்பிட்டதெல்லாம் மாலை டிபனுக்கு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் பசியோடு வெளியே வந்தாலும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கிற ஊர் அது. திருநெல்வேலி இருட்டுக்கடையில் காலையில் போய் அல்வா கேட்டால் பூட்டைத்தான் பார்க்கலாம், சாயங்காலம்தான் திறப்பார்கள்.

சரி, இந்த நேரக் கணக்கையெல்லாம் யார் சொல்வார்? மேப் கொஞ்சம்தான் சொல்லும், மனுஷர்களைத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். லாட்ஜ் ரிசப்ஷனில் "நல்ல ஹோட்டல் எது?" என்றால், வெளியூர்க்காரனுக்குக் காட்ட வேண்டிய ஏசி ஹோட்டலைத்தான் மரியாதையாகக் காட்டுவார்கள். "நீங்க இன்னைக்கு எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் முகமே மாறிவிடும். "அது சும்மா சின்னக் கடைங்க, உங்களுக்கு ஒத்து வராது" என்று இழுப்பார்கள். அந்த ஒத்து வராத கடைதான் எனக்கு வேண்டும்.

கொல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஆய்வகத்தில் வேலை. அங்கிருந்த உதவியாளரிடம் என் ஓட்டை இந்தியில் இதே கேள்வியைக் கேட்டேன். மணியைப் பார்த்தவர், ஒன்றரைக்கு மேல் போனால் மீன் தீர்ந்துவிடும் என்று சொல்லி, மெஷினைப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடக்க என்னை இழுத்துக்கொண்டு போனார். பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். இந்த வகைக் கடைகளுக்கு அங்கே 'பைஸ் ஹோட்டல்' என்று பேர். பைசாக் காசுக்குச் சோறு போட்ட காலத்துப் பேர் அது. நேதாஜி மாணவராக இருந்தபோது இங்கே சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள். கரும்பலகையில் வங்காளத்தில் அன்றைய மீன்களை எழுதியிருந்தார்கள், எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. மேஜையில் வாழை இலை போட்டார்கள். சோறு, பருப்பு, கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கு. மீன் கேட்டதும் பரிமாறுகிறவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். பேட்டியா, காதாவா? வயிற்றுத் துண்டா, முதுகுத் துண்டா என்று கூட்டிவந்த உதவியாளர் விளக்கினார். என் எட்டு வருடத்தில் எந்த நட்சத்திரக் கடையிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பேட்டி என்றேன். குழம்பு தண்ணியாகத்தான் இருந்தது, ஆனால் மீனின் கொழுப்பு அதில் இறங்கியிருந்தது. கிளம்பும்போது சாப்பிட்டதையெல்லாம் பரிமாறியவர் வாயாலேயே அடுக்கிக் கல்லாவுக்குக் குரல் கொடுத்தார். சோறு இவ்வளவு, மீன் இவ்வளவு, எலுமிச்சைத் துண்டு இவ்வளவு. இலைக்கும் தனியாகக் காசு! நம் ஊரில் இலைக்குக் காசு கேட்டால் சண்டையே வந்துவிடும்.

இன்னும் ஏமாற்றுவது என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, டெலிவரிக்கு மட்டும் நடத்துகிற சமையலறைகள் மேப்பில் 'உணவகம்' என்று பெயர் போட்டுக்கொள்வது. ஒரு ஊரில் மழையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தால் பாதி இறக்கிய ஷட்டர், வாசலில் நாலு டெலிவரி பைக், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. இப்போதெல்லாம் போட்டோவில் மேஜை தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். இன்னொன்று, பேர் போன கடையின் பெயரையே கொஞ்சம் மாற்றிப் பக்கத்திலேயே நாலு பேர் வைத்திருப்பது. எல்லாப் பலகையிலும் 'ஒரிஜினல்' இருக்கும். இதற்கு எனக்கு வழி தெரியவில்லை, எதிரே உள்ள மருந்துக்கடையில் கேட்டுவிடுவேன்.

பிறகு அந்தப் பச்சைக் கொடிகள். போக வேண்டிய கடைகளை ஊர்வாரியாக மேப்பில் குறித்து வைத்திருந்தேன், அறுபதுக்கு மேல். கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து மறுபடி வெளியூர் போக ஆரம்பித்தபோது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பத்துப் பதினைந்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பில் இருந்தது. பெரும்பாலும் வயதான புருஷன் பெண்டாட்டி நடத்திய வீட்டு மெஸ்கள். கோழிக்கோட்டில் அப்படி ஒரு கடை. மத்தி வறுவலோடு ஊணு, அதாவது மதியச் சாப்பாடு, போடுவார்கள், சோறு மறுபடி வேண்டுமா என்று அந்த அம்மா கண்ணாலேயே கேட்பார். கொடியை இன்னும் அழிக்கவில்லை.

இத்தனைக்கும் தீராத பிரச்சினை ஒன்றிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஆபீஸ்காரர்களை நம்பி நடக்கும் மெஸ் எல்லாம் லீவு, மேப்பில் எல்லாப் பட்டையும் படுத்துக்கிடக்கும், ரிசப்ஷன் தம்பியும் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்திருப்பான். திங்கள் காலை வேலைக்காக ஞாயிறு மாலையே போய் இறங்கவேண்டிய பிழைப்பு எனக்கு. போன வாரமும் ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட், பிறகு ரெண்டு வாழைப்பழம். பச்சை மிளகாயைக் கொஞ்சம் கூடவே போடச் சொன்னேன்.