ஹாலஜன், எல்இடி பல்பு, முழு எல்இடி செட்: ஹெட்லைட்டுக்கு எது சரி?

ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை என்றதும் பலருடைய கை நேராக எல்இடி பல்புப் பெட்டிக்குத்தான் போகிறது. பெட்டியின் மேல் 20,000 லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 முதல் 150 லூமன் கொடுக்கும். பல்பு 13 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுத்தால் அது 26 வாட். ஆக, மிஞ்சிப்போனால் 3,900 லூமன். சூடேறிய பிறகு அதிலும் குறையும். சாதாரண 55 வாட் எச்7 ஹாலஜன் பல்புக்கு 13.2 வோல்ட்டில் 1,500 லூமன். டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பாக வரும் எச்4 பல்புக்கு டிம்மில் 1,000, பிரைட்டில் 1,650.

பெட்டி புளுகினாலும் எல்இடியில் வெளிச்சம் அதிகம்தான் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அந்த வெளிச்சம் சாலையில் எங்கே போய் விழுகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். கூடுதல் லூமன் எதிரே வருபவரின் கண்ணிலும் மரக்கிளையிலும் விழுந்தால் ஓட்டுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் வழி: இருக்கும் ஹாலஜனைச் சரிசெய்வது

இதை ஒரு வழியாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சில ஆண்டுகள் ஓடிய வண்டியில் பெரும்பாலும் பல்பு குற்றவாளி அல்ல, வயரும் கண்ணாடியும்தான்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் (பவரில்) ஏறி இறங்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் மூன்றும் சேர்ந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போவது சகஜம்.

அளப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, பல்பைக் கழற்றாமல் ஹோல்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை நுழைக்க வேண்டும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கருப்பு முனை ஹோல்டரின் பாசிட்டிவ் பின்னில் இருக்கட்டும். வரும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். இதேபோல ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒருமுறை. இரண்டையும் கூட்டி 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) வயரிங் போடுவது வீண்செலவு இல்லை.

இரண்டு எச்4 பல்பும் சேர்ந்து டிம்மில் 110 வாட், அதாவது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. ரிலே இல்லாத வண்டியில் இந்த மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே இரண்டு. பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயர் 4 சதுர மில்லிமீட்டர், பல்புகளுக்குப் போவது 2.5; பேட்டரிக்கு மிக அருகிலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ்; பிளாஸ்டிக்குக்குப் பதில் பீங்கான் ஹோல்டர். எர்த் வயரையும் அதே தடிமனில் புதிதாக இழுக்க வேண்டும். பாசிட்டிவை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தைப் பழைய போல்ட்டிலேயே விடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் அரைகுறை.

எல்இடி பல்புக்குள் மின்னோட்டத்தை ஒரே சீராக வைக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் அது கண்டுகொள்ளாது. எல்இடி போட்டதும் பகல் மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அவர்கள் ஒப்பிடுவது 11.5 வோல்ட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஹாலஜனோடு.

அடுத்தது கண்ணாடி. பாலிகார்பனேட் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் தண்ணீர் விட்டு 800, 1500, 2500 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கோட் அடிக்காமல் பாலிஷோடு நிறுத்தினால் சீக்கிரமே பழையபடி மஞ்சளாகும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் எந்தப் பல்பும் கைகொடுக்காது. அதைத் துணியால் துடைக்கவும் கூடாது. மெல்லிய அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும்.

இரண்டாவது வழி: திறன் கூட்டிய ஹாலஜன்

வாட் அதே 55 அல்லது 60தான். டங்ஸ்டன் இழையை நெருக்கமாகச் சுற்றி, செனான் வாயுவை அழுத்தத்தில் அடைத்து, இழையைக் கூடுதல் வெப்பத்தில் எரிய விடுகிறார்கள். இழை இருக்கும் இடம் மாறாததால் ஒளிக்கற்றையின் வடிவம் அப்படியே இருக்கும். தூரம் கொஞ்சம் கூடும். இதற்கு விலை ஆயுள். சாதாரணப் பல்பைவிடப் பாதிக்கும் குறைவான நாளிலேயே இழை அறுந்துபோகலாம். மாற்றும்போது விரல் கண்ணாடியில் படக்கூடாது. பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

நீலச் சாயம் பூசிய ஹாலஜன் இந்தக் கணக்கில் வராது. அந்தச் சாயம் வெளிச்சத்தை வடிகட்டிக் குறைக்கத்தான் செய்கிறது. 100/90 வாட் பல்பையும் ஒதுக்கிவிடலாம். ஹோல்டர் உருகுவது, ரிஃப்ளெக்டர் பழுப்பாவது எல்லாம் அதன் கைங்கரியம்.

மூன்றாவது வழி: ஹாலஜன் இடத்தில் எல்இடி பல்பு

எச்7 பல்பின் இழை சுமார் 4 மில்லிமீட்டர் நீளம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சின்ன இழையை மனதில் வைத்து வார்க்கப்பட்டது. எல்இடி பல்பில் இழைக்குப் பதிலாக ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒளிரும் சிப்புகள் ஒட்டியிருக்கும். தகடு தடித்தால் இரண்டு சிப் வரிசைகளும் இழையின் இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகுகின்றன. சிப் வரிசை நீண்டால் முன்னும் பின்னும் வழிகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே சாலையில் ஒளித்திட்டு சிதறிவிடும்.

ஆகவே வாங்கும்போது வாட்டையும் லூமனையும் விட்டுவிட்டு, பழைய ஹாலஜனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலரிலிருந்து (பல்பு ஹெட்லைட்டில் அமரும் வளையம்) சிப் வரிசை தொடங்கும் தூரமும் அதன் நீளமும் இழையோடு ஒத்துப்போக வேண்டும். தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. மூன்று நான்கு பக்கமும் சிப் வைத்தவை வேண்டாம்.

எச்4 இன்னும் வம்பு பிடித்தது. அதில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் அது மறைப்பதால்தான் டிம்மின் மேல்விளிம்பு வெட்டியதுபோல் நிற்கிறது. எல்இடி எச்4 பல்பிலும் டிம் சிப்புக்குக் கீழே அதே வடிவக் கிண்ணம் இருந்தாக வேண்டும். அது இல்லாத பல்பில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எதிரே வருபவர் விளக்கை அடித்துக்கொண்டேதான் போவார்.

மாட்டும்போது சிப்புகள் கடிகார முகப்பில் 3 மணி, 9 மணி திசையை நோக்க வேண்டும். மேலும் கீழுமாக இருந்தால் கற்றை குலைந்துவிடும். பெரும்பாலான பல்புகளில் காலரில் ஒரு சின்ன ஆலன் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, பல்பைச் சுழற்றிச் சரிசெய்து இறுக்கலாம். எரியாவிட்டால் உடனே பல்பைக் குறை சொல்ல வேண்டாம்: எல்இடிக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறக்கூடாது. பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

ரிஃப்ளெக்டர் செட்டா, ப்ரொஜெக்டர் செட்டா என்பது இங்கே பெரிய வித்தியாசம். ப்ரொஜெக்டரில் லென்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஒரு தகடே மேல்விளிம்பை வெட்டுவதால், பல்பு கொஞ்சம் பிசகினாலும் எதிரே வருபவர் பெருமளவு தப்பிக்கிறார். அதற்காகத் தூரத்து வெளிச்சம் தானாகக் கூடிவிடும் என்று அர்த்தமில்லை. விளிம்பு கூர்மையாக இருந்தும் நடு ஒளித்திட்டு ஹாலஜனைவிட மங்கலாக இருப்பதுண்டு.

வெப்பம் வேறு கதை. ஹாலஜனின் சூடு முன்பக்கமாகக் கதிராகப் போய்விடும். எல்இடியின் சூடு பின்பக்கம் இறங்குகிறது. அதை இழுக்கத்தான் வாலில் விசிறியோ அலுமினியச் சிறகுகளோ இருக்கின்றன. இந்த வால் நீளமாக இருப்பதால் பின்பக்க ரப்பர் மூடி பொருந்தாது. மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டினால் தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து ரிஃப்ளெக்டரைக் கெடுக்கும். ஆழமான மூடி வாங்கிப் போடுவதே சரி. உள்ளே காற்றோட்டம் குறைவாக இருந்தால் பல்பு தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் ஒரு நிமிடம் எரியவிட்டுக் காட்டும் பிரகாசம் அரை மணி நேரத்துக்குப் பிறகு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பனி பெய்யும் இடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: முன்பக்கம் சூடு போகாததால் கண்ணாடியில் ஒட்டிய பனி உருகாது.

மின்சாரப் பக்கத்திலும் சச்சரவுகள் வரும். பல்பு பியூஸ் போனதா என்று வண்டியின் கணினி கவனித்துக்கொண்டிருந்தால், எல்இடி இழுக்கும் குறைந்த ஆம்பியரைப் பார்த்துப் பல்பு இல்லை என்று எச்சரிக்கை போடும். சில வண்டிகள் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்புவதால் எல்இடி மினுக்கும். அந்த வண்டிக்கென்றே வரும் டிகோடர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஆம்பியரைக் கூட்டிக் காட்ட சிலர் 6 ஓம் ரெசிஸ்டர் வைப்பார்கள். 13 வோல்ட்டில் அது 28 வாட் சூட்டைக் கக்கும். உலோகத்தில் திருகி வைக்காமல் பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ சொருகினால் உருகிவிடும். எஃப்எம் ரேடியோ இரைந்தால், லைட்டை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பல்பின் மட்டமான டிரைவர் சர்க்யூட்தான் காரணம்.

நிறத்தில் 6,500 கெல்வின் (எண் ஏற ஏற நீலச்சாயல் கூடும்) என்பது பார்வைக்கு நவீனம். மழையில் ஈரச்சாலையில் எரிச்சல். 4,300 முதல் 5,000 வரை உள்ளதைத் தேடி எடுப்பது நல்லது.

நான்காவது: செனான் கிட்

ஹாலஜன் செட்டுக்குள் 35 வாட் செனான் கிட் வைப்பதில் 3,200 லூமன் அளவுக்கு வெளிச்சம் கிடைத்தாலும், ஒளி தரும் மின்வில்லின் வடிவம் இழையோடு ஒத்துப்போகாது, முழுப் பிரகாசத்துக்கு வரச் சில நொடி ஆகும், பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ரிஃப்ளெக்டர் செட்டில் இதைப் போடுவது மற்றவர்களுக்குச் செய்யும் தொந்தரவு. எல்இடி வந்த பிறகு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஐந்தாவது: முழு எல்இடி செட்

ரிஃப்ளெக்டரும் லென்ஸும் எல்இடிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்பதால் ஒளி விழும் விதத்தில் இதை மற்றவை நெருங்காது. 7 அங்குல வட்ட ஹெட்லைட் உள்ள வண்டிக்கு யோசிக்கவே தேவையில்லை: அதே அளவில் வரும் எல்இடி யூனிட்களில் பல, எச்4 பிளக்கில் நேராகச் செருகும்படியே இருக்கின்றன. வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து உள்ள ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அருகே அம்புக்குறியும் முக்கியம்: எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்பு இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது, அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டுவதற்கு. தவறானதை மாட்டினால் விளிம்பின் ஏறுபக்கம் எதிரே வருபவரின் கண்ணில் நிற்கும்.

மற்ற வடிவ ஹெட்லைட்களில், அதே மாடலின் உயர் வகையில் வரும் எல்இடி செட்டை மாற்றலாம். ஆனால் பிளக் வேறு, கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு, சில வண்டிகளில் கணினியில் கோடிங்கும் வேண்டும். இந்தச் செலவு எல்இடி பல்பின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

இருசக்கர வாகனத்தில்

சிறிய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரி மின்சாரமல்ல, காயிலிலிருந்து வரும் ஏசி. ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட் எரியவில்லை, ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கப் பிரகாசம் ஏறுகிறது என்றால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் டிசி எல்இடியைச் செருகினால் ஐடிலிங்கில் மினுக்கும், சீக்கிரம் சாகும். முதலில் ஹெட்லைட் லைனை டிசிக்கு மாற்ற வேண்டும். 35/35 வாட் எச்எஸ்1 பல்பு போட்ட வண்டியில் 60/55 ஹாலஜன் ஏற்றுவதைவிட, டிசி ஆக்கிய பின் 15 முதல் 20 வாட் எல்இடி போடுவது காயிலுக்கும் பேட்டரிக்கும் இலகு.

சட்டமும் சுவர்ச் சோதனையும்

ஹாலஜன் செட்டுக்கு ஒப்புதல் தரப்பட்டது ஹாலஜன் பல்போடு சேர்த்துத்தான். ஜெர்மனியில் 2020 முதல் குறிப்பிட்ட எல்இடி பல்புகளுக்கு, குறிப்பிட்ட வண்டி மாடல்களில் மட்டும் அனுமதி உண்டு. பல நாடுகளில் அதுவும் இல்லை. உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எதை மாட்டினாலும் சோதனை ஒன்றே. டயர் காற்று சரியாக, ஓட்டுபவர் இருக்கையில் ஆள் உட்கார்ந்து, ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சீராக்கி 0வில் இருக்க, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்தால், டிம்மின் மேல்விளிம்பு அதற்கு 5 செண்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு பக்கம் ஹாலஜனும் மறுபக்கம் எல்இடியுமாக வைத்து, அட்டையால் மாற்றி மாற்றி மறைத்துப் பாருங்கள். போனில் படமெடுப்பதானால் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேமராவே இரண்டையும் சமமாக்கிவிடும். விளிம்புக்கு மேலே வெள்ளைப் புகைபோல் ஒளி படர்ந்தாலோ, நடுத்திட்டில் இருட்டுப் பட்டை விழுந்தாலோ காலரைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் பல்பைத் திருப்பிக் கொடுங்கள். வண்டியின் மூக்குக்கு அடியில் மட்டும் பளிச்சென்று இருந்தாலும் ஏமாற வேண்டாம். அந்தப் பளிச்சில் கண்மணி சுருங்கி, தூரத்தில் நடப்பவர் முன்பைவிட மங்கலாகத் தெரிவார்.

எல்இடியே போதும் என்று முடிவெடுத்தாலும் பழைய ஹோல்டரை வெட்டி ஒட்டாதீர்கள். கழற்றிய ஹாலஜனை வண்டியிலேயே போட்டு வையுங்கள். எல்இடியின் டிரைவர் சர்க்யூட் செத்துப்போனால் நடுவழியில் அதைச் செருகிக்கொண்டு கிளம்பலாம்.