கை சுத்தம், தேதிதான் நிற்பதில்லை: பாளையங்கோட்டைத் தனியார் மருத்துவமனை ஒன்று

மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களுக்கு அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் ஆட்கள் வந்து சேரும் நடுத்தர ஆஸ்பத்திரி இது. பெயர் வேண்டாம், இதே பழக்கம் வேறு இடங்களிலும் உண்டு. சர்ஜன்களின் கை சுத்தம், நர்சுகளின் பொறுமை, தியேட்டர் பராமரிப்பு, எதிலும் குறை சொல்ல முடியாது. இருந்தும் நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான். வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரிடம் விடிகாலையில் வந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு ஆபரேஷன் இல்ல" என்று சொல்வது இங்கே சகஜம்.

மயக்க டாக்டர் இங்கே முழுநேரம் கிடையாது. ஊரில் பல ஆஸ்பத்திரிகளுக்கு ஓடுகிறவர். முந்தின நாள் சாயங்காலம் அட்மிஷன் போடுகிறார்கள். அவர் வந்து பார்க்க ராத்திரி ஆகிவிடும், சில நாள் மறுநாள் காலை தியேட்டர் வாசலில்தான் பார்ப்பார். அப்போதுதான் மாத்திரைச் சீட்டை ஒருவர் முழுசாகப் படிக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். அதை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளுக்கு 3 நாள். "காலையில மட்டும் சுகர் மாத்திரை போடாதீங்க" என்று வார்டில் சொல்வது இவற்றுக்குப் போதாது. பட்டினியோடு இந்த மருந்தும் சேர்ந்தால், சுகர் அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். தள்ளிப்போட்ட மயக்க டாக்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு வாரம் முன்பே அவர் கண்ணில் காட்டாததுதான் தப்பு. பிரஷர் 180/110-க்கு மேல், மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 8.5%-க்கு மேல் என்றாலும் பொதுவாகத் தள்ளித்தான் வைப்பார்கள். இவை எதுவும் ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.)

அடுத்தது சாப்பாடு. "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல பச்சத் தண்ணி கூடாது" என்று காலை ஏழு மணி கேஸுக்கும் மதியம் இரண்டு மணி கேஸுக்கும் ஒரே உத்தரவு. முறைப்படி இட்லி மாதிரி லேசான ஆகாரத்துக்கு 6 மணி நேரம், எண்ணெய், கறி என்றால் 8, வெறும் தண்ணீருக்கு 2. பால் வயிற்றில் தயிராகத் திரளும் என்பதால் பால் காப்பியும் 6 மணி நேரக் கணக்கில் வரும். ஆச்சிக்கு விடியற்காலையில் "காப்பிதானே" என்று வீட்டார் ஊற்றிக் கொடுத்து லிஸ்டிலிருந்து பெயர் போவது இதனால்தான். பால் சேர்க்காத கடுங்காப்பி தண்ணீர்க் கணக்கு. இரைப்பை மெதுவாக இயங்கும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கு மாறலாம். இதையெல்லாம் விவரமாக ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

மூட்டு மாற்றில் மட்டும் இவர்கள் காட்டும் கறார் பாராட்டத்தக்கது. நகச்சுத்து, காலில் கொப்புளம், சீழ் வைத்த பல், நீர்க்கடுப்பு, எது இருந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கிருந்தோ கிருமி போய்ப் புது மூட்டில் உட்கார்ந்தால் அதையே கழற்ற வேண்டி வரும். ஆனால் காலைப் பார்க்க வேண்டியது தேதி கொடுக்கும் அன்றும், மறுபடி இரண்டு மூன்று நாள் முன்பும். வயலில் இறங்குகிறவர்களுக்குப் பித்தவெடிப்பு இல்லாத கால் ஏது?

முதலமைச்சர் காப்பீட்டில் வருகிறவர்களுக்கு இன்னொரு தடங்கல். முன் அனுமதிக்கான தாள்களை இங்கே கடைசி நேரத்தில்தான் அனுப்புகிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் அங்கேயே நின்றுவிடும். காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அவசர சிசேரியன் வந்து தள்ளிப்போனால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஹைகிரவுண்ட் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் விபத்துக் கேஸ் வந்தால் நாள் குறித்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். இங்கே நடப்பதில் பெரும்பகுதி அந்த வகை இல்லை.

பில் விஷயத்திலும் கவனம் தேவை. ஆபரேஷன் நடக்காத நாளுக்கும் ரூம் வாடகை போடுகிறார்கள். காரணம் ஆஸ்பத்திரி பக்கம் என்றால் கேட்டுக் குறைக்கலாம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டுகளைக் கையோடு வாங்கிவிடுங்கள். புதிதாக மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லையென்றால் பத்து நாளில் எக்கோவை மறுபடி எடுக்க அவசியம் இருக்காது. இவர்கள் எடுக்கச் சொல்வார்கள், ஏன் என்று கேளுங்கள்.

தேதி வாங்கும்போதே, "மயக்க டாக்டர் என்னைக்குப் பார்ப்பாரு?" என்று கேட்டுவிடுங்கள். அட்மிஷன் அன்றைக்கு என்றால், ஒரு வாரம் முன்பே தனியாக ஒரு நேரம் கேளுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள், தனி ஃபீஸ் உண்டு. கொடுக்கலாம், நடக்காத ஆபரேஷனுக்கான ஒரு நாள் ரூம் வாடகையைவிட அது குறைவுதான்.