கூகுள் ஸ்காலர்: எட்டு வருஷப் பழக்கமும் ஒரு மே மாதமும்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பாசி எடுக்கிற பெண்கள், நண்டு வலை, பவளப்பாறை என்று எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் திறப்பது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத்தான். இலவசம், வேகம், ஒரே கட்டுரை வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று காட்டிவிடுவதால் காசு கேட்கும் தளத்துக்குப் போகாமலே பல நேரம் பிடிஎஃப் கையில் வந்துவிடும்.

ஆனால் அது தேடித் தருமே தவிர தரம் பார்க்காது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழும் அதே வரிசையில் வந்து நிற்கும். நான் ரொம்ப நாள் மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது ஒரு கட்டுரையை வேறு எத்தனை எழுத்துகள் சுட்டியிருக்கின்றன என்பதை, பார்த்தே ஓட்டினேன். கட்டுரை தப்பு என்று சொல்ல வந்தவரும் அதில் ஓர் எண்தான், தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்பவரும் ஓர் எண்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒருமுறை மீன்வரத்து பற்றிய கட்டுரை ஒன்றை, நல்ல எண்ணிக்கை இருக்கிறதே என்று அறிக்கையில் சேர்த்துவிட்டேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டும்போது, மே மாதம் ராமேஸ்வரத்தில் விசைப்படகு மீனிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்ற வரி வந்தது. பின்வரிசையிலிருந்து மாமா ஒருவர், "மே மாசத்துல ஏதுப்பா படகு? எல்லாம் கரையிலல்ல கட்டிக் கெடக்கும்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்! இந்தக் கரையில் பிறந்த எனக்கே அது கண்ணில் படவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

அதிலிருந்து முடிவுரையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எங்கே, எப்போது, எத்தனை மாதிரி, எந்தப் படகு என்பதைத்தான் முதலில் படிக்கிறேன். அப்புறம் ஆய்வுக்குப் பணம் யாருடையது என்று பார்ப்பேன். எங்கள் ஊரில் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாஃபைகஸ் என்ற வளர்ப்புக் கடற்பாசி விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்ததை 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள், பாதிப்பில்லை என்று சொல்லும் கட்டுரைகளும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் யார் எழுதியது, அந்த வளர்ப்பில் அவர்களுக்கு என்ன பங்கு என்று பார்த்த பிறகுதான் எடுப்பேன். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம், ஸ்காலர் அதைச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். பழைய தகவலுக்கு, 1971 வரை மண்டபம் முகாமில் தலைமையகம் வைத்திருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் (சிஎம்எஃப்ஆர்ஐ) இணையக் களஞ்சியம் இருக்கிறது, அங்கே நேராகவே போய்விடுகிறேன்.

சரி, ஸ்காலரை விட்டுவிட்டேனா என்றால் இல்லை, தினமும் திறக்கிறேன். போன வாரம் அந்த மே மாதக் கட்டுரையைத் தேடினேன். இன்னும் மேலேதான் நிற்கிறது, எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அதில் ஒன்று, நாங்கள் திருத்துவதற்கு முன்பே இணையத்தில் ஏற்றிவிட்ட என் அறிக்கை.